நாற்காலி போட்ட பெண்ணுக்கு ஒரு சரித்திரப் பாடம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒடுகத்தூரில் இரண்டு நாளாக விட்டு விட்டு மழை. வெளியே போக முடியவில்லை, உட்கார்ந்து எழுதிவிட்டேன். போன பதிவில் கேள்வி கேட்டவர்களுக்கு இன்னும் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒவ்வொன்றாக வருகிறேன்.

போன வாரம் ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் என்னிடம் படித்த பெண். இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நலம் விசாரித்த பிறகு விஷயத்துக்கு வந்தாள். அவள் மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். சின்ன வயதிலிருந்தே ஆட்டம் என்றால் உயிர். காலேஜ் விழாவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ அவள் உடம்பைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். அன்றோடு நின்றுவிட்டாள்.

"இப்ப ராத்திரியில ரூம் கதவ சாத்திக்கிட்டு, லைட்ட அணைச்சிட்டு ஆடறா சார். கேட்டா சொமாட்டிக் டான்ஸ்னு சொல்றா. போன்ல எதையோ பாத்து வச்சிருக்கா. இன்னா சார் அது? பயமா இருக்கு."

எனக்கும் அந்த வார்த்தை புதிது. பார்த்துச் சொல்கிறேன்மா என்றேன். போனை வைக்கும் முன்னால் அவள் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார், ஆண்டு விழாவுல நான் சேர் போட்டேனே."

ஞாபகம் இருக்கிறது. அவள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது.

1994 ஆண்டு விழா. கலை நிகழ்ச்சிக்கு நான் பொறுப்பு. எட்டுப் பெண்கள் ஆடும் ஒரு பாட்டு. பெயர் கொடுத்தவர்களில் தாளம் பிசகாமல் ஆடியவள் இவள் ஒருத்திதான். நல்ல கறுப்பு, கொஞ்சம் பருமன். எட்டுப் பேர் வரிசையாக நின்றால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை, அதுதான் முறை என்று எனக்கே தோன்றியது. "நீ வேண்டாம்மா, விருந்தாளிங்களுக்கு நாற்காலி போடற வேலைய நீ பாத்துக்கோ, பொறுப்பான பொண்ணு நீ" என்றேன். பொறுப்பான பொண்ணு என்று ஒரு பூவையும் வைத்துவிட்டேன் பாருங்கள், அதுதான் வாத்தியார் புத்தி. விழா அன்று நாற்காலி போட்டு முடித்துவிட்டு மேடைக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டருக்கு அருகே நின்றாள். மேடையில் ஏழு பேர் தப்பாகவும் ஒருத்தி சரியாகவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இவளுடைய கால் தரையில் ஒரு அடிகூடத் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீங்க சரித்திர வாத்தியார்தானே சார், என் பொண்ணுக்குப் புரியற மாதிரி எதுனா எழுதுங்களேன்" என்று கேட்டாள். அதனால் இது.

முதலில் அந்த வார்த்தை. கிரேக்க மொழியில் 'சோமா' என்றால் உடல். தாமஸ் ஹன்னா என்ற அமெரிக்கர் 1970களில் அதிலிருந்து சொமாட்டிக்ஸ் என்ற பெயரைப் பிரபலமாக்கினார். சங்கதி இவ்வளவுதான்: நம் உடம்பை நாம் இரண்டு விதமாக அறிகிறோம். கண்ணாடியில் தெரிவது ஒன்று, அடுத்தவர் கண்ணுக்கும் அதுதான் தெரிகிறது. உள்ளேயிருந்து தெரிவது இன்னொன்று. மூச்சு எங்கே முட்டுகிறது, எடை எந்தக் காலில் இறங்குகிறது, முதுகு எங்கே இறுகுகிறது என்பதெல்லாம். இந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு ஆடுவது சொமாட்டிக் நடனம். அடவு சரியா, இடுப்பு ஒல்லியா என்ற கேள்வி அங்கே கிடையாது. மேரி ஒயிட்ஹவுஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1950களில் இதற்கு ஒரு முறை வகுத்தார். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உடம்பு போகிற போக்கில் அசைவார். இன்னொருவர் குறை நிறை சொல்லாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். இந்தப் பெண் லைட்டை அணைத்துவிட்டு ஆடுகிறாளே, அதில் பயப்பட ஒன்றுமில்லை. பார்க்கிற கண் இல்லாத இடத்தைத் தேடியிருக்கிறாள், அவ்வளவுதான்.

அன்னா ஹால்பிரின் என்று இன்னொரு அம்மா. கலிபோர்னியாவில் வீட்டுக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே பலகை மேடை போட்டு அதில் ஆடியவர். 1972இல் அவருக்குக் குடலில் புற்றுநோய் கண்டது. தன் உருவத்தைத் தானே ஆளுயரத்துக்கு வரைந்து, அந்தப் படத்தை 1975இல் ஆடினார், கோபம் கத்தல் எல்லாவற்றோடும். நோய் வந்த உடம்பை ஒளித்து வைக்காமல் அதையே ஆடிக் காட்டினார். 2021இல் தம் 100ஆவது வயதில்தான் மறைந்தார். (ஆடினால் புற்றுநோய் போய்விடும் என்று நான் சொன்னதாக யாரும் பார்வர்டு செய்துவிடாதீர்கள். அவர் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார்.)

இதைப் படித்தபோது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. இது நமக்கு அவ்வளவு புதிதா?

மலை மேல் பீஞ்சமந்தைக்கு ஒரு முறை திருவிழாவுக்குப் போயிருந்தேன். அப்போது நல்ல சாலை கிடையாது, ஒடுகத்தூரிலிருந்து போய் மூச்சு வாங்க ஏற வேண்டும். அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ராத்திரி மேளம் தொடங்கியதும் வட்டம் கட்டினார்கள். பல் போன கிழவர், கைக்குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்த பெண், கால் சற்று இழுத்து நடப்பவர், எல்லோரும் அந்த வட்டத்தில்தான். யாரையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எட்டுப் பேர் போதும் என்றும் யாரும் சொல்லவில்லை. சும்மா நின்று வேடிக்கை பார்த்த ஒரே ஆள் நான்தான்.

கீழே நம் பக்கத்துக் கூத்தையும் நினைத்துப் பாருங்கள். வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் வட்டாரம் முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. பகலில் ஏர் ஓட்டுகிறவர், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர், ராத்திரி அரிதாரம் பூசிக் கட்டை கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்து நின்றால் துரியோதனன். தொப்பை இருந்தால் துரியோதனனுக்கு அழகுதான். திரௌபதி வேஷம் கட்டுகிறவருக்கு நாற்பது வயது இருக்கும், கன்னத்தில் மயிர்க்கால் பச்சையாகத் தெரியும், விடியற்காலையில் தொண்டை கட்டிவிடும். ஆனால் துகில் உரியும் இடத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்கள் அழுவார்கள். மீசை மழித்த முகம் என்று யாரும் பார்த்ததில்லை. செய்யாறு பக்கம் புரிசையில் தம்பிரான் பரம்பரையினர் இந்தக் கூத்தைத் தலைமுறைகளாகக் காப்பாற்றி வெளிநாட்டு மேடைகள் வரை கொண்டு போனார்கள். ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. கூத்தில் பெண் வேஷம் உண்டே தவிர, பெண்ணுக்கு இடம் அரிதாகத்தான் இருந்தது. பெண்ணின் உடம்பு மேடையேறினால் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயர்தான் இந்தக் கதையின் நடுப்பகுதி.

இன்றைக்குப் பரதநாட்டியம் என்று சொல்கிறோமே, நூறு வருஷத்துக்கு முன்னால் அதற்குச் சதிர் என்று பெயர். ஆடியவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். 1890களிலேயே சென்னையில் சீர்திருத்தக்காரர்கள் இந்த ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று இயக்கம் தொடங்கினார்கள். அதைப் பெரிதாக எடுத்துச் சென்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயாரே அந்த மரபில் வந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அனுபவித்தவர். 1936இல் அதைப் பற்றி நாவலே எழுதினார். சின்னப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையை எதிர்த்தார்கள். அதில் அவர்கள் பக்கம்தான் நியாயம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் எதிர்த்து வாதாடினார்கள். எங்கள் கலையையும் எங்கள் சொத்துரிமையையும் சேர்த்துப் பறிக்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். 1947இல் சட்டம் வந்தது.

சட்டம் வந்ததில் பொட்டுக்கட்டு ஒழிந்தது. கூடவே, அந்த மரபுப் பெண்கள் ஆடுவதும் பெரும்பாலும் ஒழிந்தது. பாட்டி ஆடியதைப் பேத்தியிடம் சொல்லவே கூசினார்கள். சலங்கையைப் பரணில் போட்டு மூடினார்கள். ஒரு கொடுமையை நிறுத்தப் போய், ஒரு கூட்டம் பெண்களுக்குத் தங்கள் கை கால் அசைவே வெட்கமாகிப் போயிற்று.

ஆட்டம் மட்டும் சாகவில்லை, வேறு வீடு போயிற்று. அதைக் காப்பாற்றியவர்களில் ஈ. கிருஷ்ண ஐயர் முக்கியமானவர். வக்கீல், சுதந்திரப் போராட்டக்காரர், தாமே பெண் வேஷம் கட்டி மேடையில் சதிர் ஆடியவர். வக்கீல் புடவை கட்டி ஆடினார் என்றால் இன்றைக்கு வாட்ஸப்பில் என்ன பாடுபடுத்துவோம்! அவருடைய முயற்சியில்தான் 1930களின் தொடக்கத்தில் மியூசிக் அகாடமி மேடையில் சதிர் ஏறியது, பரதநாட்டியம் என்ற பெயரும் நிலைத்தது. 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர். அடுத்த வருஷமே கலாக்ஷேத்ரா. நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆடலாமா என்று கேட்ட ஊரில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவர். அதற்காக அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் கதவு திறக்கும்போதே ஆட்டம் கழுவித் துடைக்கப்பட்டது. சிருங்காரத்தில் ஆபாசம் என்று அவருக்குப் பட்டவை வெளியே போயின. உடை, நகை, மேடை எல்லாம் ஒழுங்கு பெற்றன.

சினிமாவும் சேர்ந்துகொண்டது. 1948இல் ஜெமினி வாசனின் 'சந்திரலேகா' படத்தில் முரசு நடனம் பார்த்திருப்பீர்கள். பிரம்மாண்டம்தான், மறுக்கவில்லை. வரிசை வரிசையாக, அச்சில் வார்த்தது போல. என் ஆண்டு விழாவின் எட்டுப் பேர் வரிசை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அங்கே போய்த்தான் நிற்கிறது என்பது என் எண்ணம். தாளம் தெரிகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கத்திலிருப்பவள் மாதிரி இருக்கிறாளா என்று பார்க்கப் பழகிவிட்டோம்.

இதற்கு மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். அந்தப் பெண் முக்கியமாகப் படிக்க வேண்டியது இனிமேல்தான்.

ஒருவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி. 1918இல் பிறந்தவர். ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம், குரு கந்தப்ப பிள்ளை. அந்த மரபுப் பெண்கள் எல்லாம் ஒதுங்கிய காலத்தில் ஒதுங்காமல் ஆடியவர். சிருங்காரத்தைக் கழுவ வேண்டிய அழுக்கு என்று மற்றவர்கள் சொன்னபோது, அழுக்கு அதில் இல்லை, அதுதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்று கடைசி வரை வாதாடினார். 1973இல் சங்கீத கலாநிதி விருது அவருக்கு. சத்யஜித் ராய் 1976இல் 'பாலா' என்று அவரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அதில் அவர் கடற்கரையில் நின்று கண்ணனை அழைக்கும் பாடலுக்கு அபிநயம் பிடிக்கிறார். வயது 58. நடுத்தர வயது உடம்பு, கனமான தோள், காற்றில் புடவைத் தலைப்பு பறக்கிறது. நான் அந்தக் காட்சியை யூடியூபில் குறைந்தது பத்துத் தடவை பார்த்திருப்பேன். என் வீட்டுக்காரி, "எங்க பெரியம்மா குழந்தைய கூப்பிடற மாதிரியே இருக்கு" என்றாள். உண்மை. ஒல்லியான இருபது வயதுப் பெண் ஆடியிருந்தால் அழகாக இருந்திருக்கும், ஆனால் அது நம் பெரியம்மாவாக இருந்திருக்காது.

அடுத்தவர் சந்திரலேகா. சினிமா இல்லை, ஆள். மகாராஷ்டிரத்தில் வாடா என்ற ஊரில் 1928இல் பிறந்து, சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சென்னைக்கு நடனம் கற்க வந்தவர். குரு காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை. 1952இல் அவருடைய அரங்கேற்றம், ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக. யமுனையில் தோழிகள் நீராடும் பாடலுக்கு ஆடிக்கொண்டிருக்கிறார். கையில் தண்ணீரை அள்ளித் தெளிக்கும் அபிநயம். அந்த நேரத்தில் அவருக்குப் பத்திரிகையில் பார்த்த ராயலசீமாப் படங்கள் கண்ணில் வந்து நிற்கின்றன, பாளம் பாளமாக வெடித்த நிலம். யாருக்காக நிதி திரட்டுகிறோமோ அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, நான் மேடையில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு கணம் உறைந்து போனதைப் பிறகு பல முறை சொல்லியிருக்கிறார். ஆடினார், முடித்தார். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. இந்த உடம்புக்கும் வெளியே இருக்கும் உலகத்துக்கும் என்ன சம்பந்தம்?

பிறகு ஆட்டத்தை விட்டு நீண்ட காலம் விலகியிருந்தார். கவிதை, போஸ்டர், பெண்கள் இயக்கம் என்று போனார். 1984இல் மும்பையில் நடந்த கிழக்கு மேற்கு நடனச் சந்திப்புதான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. 1985இல் 'அங்கிகா'. அதைப் பார்த்த சபாக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். கோயில் நகை இல்லை, கதை இல்லை, கண்ணன் ராதை இல்லை. பரதத்தையும் யோகத்தையும் களரிப்பயிற்றையும் ஒன்றாக வைத்து, இவை எல்லாம் ஒரே உடம்பிலிருந்து வந்தவை என்று காட்டினார். அரைமண்டியில் உட்காருவது வெறும் அழகான நிலை இல்லை, உடம்பின் எடை பூமியில் இறங்கும் இடம் அது என்பது அவருடைய பாடம். முதுகெலும்பு, மூச்சு, இரண்டையும் திரும்பத் திரும்பப் பேசினார். பின்னால் 'ஸ்ரீ' என்ற படைப்பில் பெண்கள் முதுகு வளைந்து கூனிக் குறுகி மெல்ல நகர்ந்து வருவார்கள். கடைசியில் பத்துக் கை கொண்ட தேவியாக நிமிர்வார்கள். விளக்கம் தேவையா? நம் வீட்டில் பெண் பிள்ளைகள் பத்து வயதுக்கு மேல் தோளைக் குறுக்கி, புத்தகத்தை மார்போடு அணைத்து நடக்கத் தொடங்குவதை முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் பார்த்தவன் நான். நிமிர்ந்து நடந்தவளைத்தான் திமிர் பிடித்தவள் என்று ஸ்டாப் ரூமில் பேசினோம்.

அவருடைய தோற்றத்தையும் சொல்ல வேண்டும். தலை முழுக்க வெள்ளை முடி, மை அடிக்கவில்லை. பெரிய குங்குமப் பொட்டு, கண் நிறைய மை, பட்டுப் புடவை. பெசன்ட் நகர் கடற்கரையில் வீடு. கடைசிப் படைப்பு 2001இல் 'சரீரா'. சரீரம்தான். ஒரு பெண், ஓர் ஆண், குந்தேச்சா சகோதரர்களின் துருபத் பாட்டு. அவ்வளவு மெதுவாக ஆடுவார்கள், கடிகார முள் மாதிரி. அதில் பல வருஷம் ஆடிய திஷானி தோஷி ஒரு கவிஞர், சின்ன வயதிலிருந்து அடவு பழகி வந்தவர் இல்லை. கூட ஆடிய ஷாஜி ஜான் களரிக்காரர். நேரில் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை, வீடியோவில் துண்டு துண்டாகப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் முதல் தடவை தூங்கிவிட்டேன். இரண்டாம் தடவை என் மூச்சு அந்த வேகத்துக்கு இறங்கிய பிறகுதான் புரிந்தது. 2006 டிசம்பரில் சந்திரலேகா மறைந்தார். சொமாட்டிக் என்ற சொல்லை அவர் சொன்னாரோ இல்லையோ, அந்தப் பெண் போனில் தேடுவதை ஒருவர் சென்னைக் கடற்கரையிலேயே செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

மூன்றாமவர் இன்றும் ஆடிக்கொண்டிருப்பவர், நர்த்தகி நடராஜ். மதுரைக்காரர். ஆணாகப் பிறந்தவர் என்று ஊர் சொன்னது, பெண் என்று தனக்குள் தெரிந்தது. எந்த உடம்பைப் பற்றி ஊரே கேலி பேசியதோ, அந்த உடம்பிலிருந்து ஓடாமல் அதையே ஆட்டமாக்கினார். வீட்டில் இடமில்லாமல் போனது. தோழி சக்தியோடு கிளம்பி, தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் போய் நின்றார்கள். வைஜயந்திமாலாவுக்குக் கற்றுத் தந்த பெரிய குரு அவர். உடனே சேர்த்துக்கொள்ளவில்லை, காத்திருக்க வைத்தார். பிறகு சேர்த்துக்கொண்டார், தம்மோடே பல வருஷம் வைத்துக்கொண்டார். நர்த்தகி என்ற பெயரே குரு வைத்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்தேன். கிட்டப்பா பிள்ளை பழைய காலத்து மனிதர், எந்த மாநாட்டிலும் போய் உரிமை பற்றிப் பேசியவர் இல்லை. ஆனால் வாசலில் வந்து நின்ற பிள்ளையைப் பார்த்து, இந்த உடம்பு வரிசைக்கு ஒத்துவருமா என்று அளக்கவில்லை. ஆட்டம் வருமா என்று பார்த்தார். எனக்கும் அவருக்கும் தொழில் ஒன்றுதான், சொல்லிக் கொடுப்பது. அவர் பார்த்ததை நான் 1994இல் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

2019இல் நர்த்தகிக்குப் பத்மஸ்ரீ. திருநங்கை ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. 2021இல் தமிழ்நாடு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவிலும் உறுப்பினர் ஆக்கப்பட்டார். விருதுக்காக இதைச் சொல்லவில்லை. நாயகி பாவம் என்று ஒன்று உண்டு, பக்தன் தன்னைப் பெண்ணாகப் பாவித்து இறைவனைப் பாடுவது. நம்மாழ்வாரே அப்படிப் பாடியவர். மற்றவர்கள் முயன்று வரவழைக்கும் அந்தப் பாவம் நர்த்தகிக்கு வாழ்க்கையாகவே இருந்தது. ஊர் எதைக் குறை என்று சொன்னதோ அதுவே அவர் ஆட்டத்தின் பலம்.

இவ்வளவும் எழுதி, அந்தப் பெண்ணுக்கு, அதாவது நாற்காலி போட்டவளுக்கு, வாட்ஸப்பில் அனுப்பினேன். படித்துப் பார், வேண்டாம் என்றால் போட மாட்டேன் என்றேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து கூப்பிட்டாள். "போடுங்க சார்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நான்தான் சொன்னேன், "அன்னிக்கு நான் பண்ணது தப்புமா. உன் கால் தாளம் போட்டத நான் பாத்தேன்." போனில் சொல்வதற்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

"பாத்தீங்களா சார்?" என்றாள். "யாரும் பாக்கலன்னுதான் நெனச்சிருந்தேன்."

மகள் முழுசாகப் படித்தாளாம். நர்த்தகி பகுதியை இரண்டு தடவை. 'பாலா' படத்தின் லிங்க் கேட்டாள், அனுப்பினேன். காலேஜ் விழாவில் ஆடுவாளா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூத்தை மட்டும் இதுவரை நேரில் பார்த்ததில்லையாம், அம்மாவும் மகளுமாக வர ஆசைப்படுகிறார்கள். ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கம் இந்த வருஷம் எந்த ஊரில் பாரதம் வைக்கிறார்கள், படுகளம் எந்தத் தேதி என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ராத்திரி முழுக்க உட்கார ஒரு பாயும் ஒரு சால்வையும் நான் எடுத்து வருகிறேன்.